வெள்ளவத்தை பல்கனியில் செவ்வந்தி: ஒக்டோபருக்காகக் காத்திருக்க வேண்டுமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி ஒவ்வொரு ஒக்டோபரும் வாசற்படியில் இலையே தெரியாமல் பூத்த செவ்வந்திச் சாடியின் படம் அனுப்புகிறார். நீங்கள் பத்தரமுல்லையில் பூவோடு வாங்கிய சாடி மூன்று கிழமை நன்றாக நின்றது. பிறகு பூ கருகி, அடியிலை மஞ்சளாகி, இப்போது நாலைந்து மெல்லிய குச்சிகளும் நுனியில் மிளகளவு மொட்டுகளுமாக நிற்கிறது. இலையுதிர் காலம் இல்லாத ஊர் என்பதால்தான் இப்படியா, ஒக்டோபர் வந்தால் பழையபடி பூக்குமா, பல்கனியில் வைத்தால் நுளம்பு வராது என்கிறார்களே உண்மையா, தங்கச்சி வரும்போது அங்கிருந்து நட்டு வேர்பிடிக்க வைக்க நாலு செடித்துண்டம் கொண்டுவரச் சொல்லலாமா. இவ்வளவும் உங்கள் கேள்வி.

கேள்வியின் தலைப்பு ‘எப்படிப் பூக்க வைப்பது’ என்று இருக்கிறது. ஆனால் நீங்கள் விவரித்த செடி பூக்கத்தான் பார்க்கிறது. வளர்வதற்கு முன்பே பூக்கப் பார்ப்பதுதான் அதன் வருத்தம். கொழும்பில் செவ்வந்தி வளர்ப்பவர் முதலில் படிக்க வேண்டியது அதைப் பூக்கவிடாமல் பிடித்து வைப்பதை. நான் விவசாயம் படித்து, மலைநாட்டு வெட்டுப்பூப் பண்ணைகளில் பல வருடம் வேலை செய்துவிட்டு, இப்போது தெகிவளையில் வீட்டுச் சாடிகளில் வளர்க்கிறேன். குளிரில் கற்றதில் பாதி இங்கே செல்லாது. செல்லும் பாதியைச் சொல்கிறேன்.

செவ்வந்திக்கு மாதப் பெயர் தெரியாது, இரவின் நீளம் தெரியும். இருட்டு ஒரு அளவுக்கு மேல் நீண்டால் நுனியில் இலை உண்டாவது நின்று மொட்டு உண்டாகும். இப்படிப் பகல்–இரவு நீளத்தைச் செடிகள் அறிகின்றன என்பதை கார்னர், அலார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1920இல் வெளியிட்டார்கள். அவர்கள் தொடங்கியது புகையிலையிலும் சோயாவிலும். செவ்வந்தியில் வகைக்கு வகை கொஞ்சம் மாறினாலும், பகல் ஏறத்தாழ பதின்மூன்றரை, பதினான்கு மணிக்குக் கீழே இறங்கினால் மொட்டு கட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் பகல் பதினைந்தரை மணி வரை போகிறது. அந்தக் கோடை முழுக்கச் செடிக்குக் கிளைவிடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஓகஸ்ட் நடுப்பகுதியில் பகல் பதினான்கு மணிக்கு இறங்குகிறது, இரவும் குளிரத் தொடங்குகிறது, நன்றாகப் பருத்த செடி ஒரேயடியாக மொட்டு கட்டி செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் விரிகிறது. தங்கச்சி அனுப்பும் படத்தில் நீங்கள் பார்ப்பது நாலு மாத இலை வளர்ச்சியின் விளைவு.

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைக்குள் இருக்கிறது. இங்கே ஜூனில் மிக நீண்ட பகல் பன்னிரண்டரை மணி. டிசெம்பரில் மிகக் குறுகியது பன்னிரண்டுக்குச் சற்றுக் கீழே. செவ்வந்தியின் கணக்கில் இரண்டுமே குறுகிய பகல்தான். வருடத்தின் எந்த நாளில் நட்டாலும் செடி ‘பூக்கும் காலம் வந்துவிட்டது’ என்றே எடுத்துக்கொள்கிறது. விரலளவுத் துண்டம் வேர்விட்டு நாலு இலை விட்டவுடன் நுனியில் மொட்டு வந்துவிடும். உங்கள் சாடியில் நடந்ததும் இதுதான். ஆகவே ஒக்டோபருக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. இதுவரை சொன்னது சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி.

அப்படியானால் நீங்கள் வாங்கிய செடித் தவறணையில் அந்தச் சாடி எப்படி அவ்வளவு அடர்த்தியாக இருந்தது? மூன்று காரணம். ஒரு சாடியில் நாலைந்து துண்டங்களைச் சேர்த்து நட்டிருப்பார்கள். வளரும் நாட்களில் இரவில் விளக்குப் போட்டு மொட்டைத் தள்ளிப்போட்டிருப்பார்கள். பெரும்பாலும் உயரத்தைக் கட்டுப்படுத்தும் வளர்ச்சி ஒடுக்கி மருந்தும் தெளித்திருப்பார்கள். சாடிச் செவ்வந்தித் தொழிலில் இவை உலகம் முழுக்க வழக்கம். மருந்தின் வேகம் போனதும் செடி தன் இயல்பான உயரத்துக்குப் போகிறது. உங்கள் குச்சி நீண்டது நோய் அல்ல.

வீட்டில் செய்யக்கூடியது அந்த இரண்டாவது காரியம், இரவு விளக்கு. செடி எண்ணுவது இருட்டு தொடர்ந்து எத்தனை மணி என்பதை மட்டும்தான். நடு இரவில் வெளிச்சம் போட்டு இருட்டை இரண்டாக வெட்டிவிட்டால் அதற்கு நீண்ட இரவே கிடைக்காது, கோடை என்று நினைத்து இலை விட்டுக்கொண்டே போகும். பண்ணைகளில் இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை போடுவார்கள். வீட்டுக்கு, செடி நுனியிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் 9 வோற்று எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று மூன்று நாலு சாடிக்குப் போதும். மஞ்சள் சாயலுள்ளதாக வாங்குங்கள், நீல வெள்ளையைவிட அதில் சிவப்பு ஒளி அதிகம். செடி கவனிப்பது அதைத்தான். இலைமேல் வெளிச்சம் நேராக விழ வேண்டும். டைமர் பிளக் ஒன்று இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் பொழுதுபட்டதிலிருந்து இரவு பத்தரை வரை பல்கனி லைற்றை நாள் தவறாமல் எரியவிட்டாலும் பெரும்பாலும் காரியம் நடக்கும். இரண்டு மாதம் தினமும் நாலு மணி நேரம் எரிந்தால் மொத்தம் இரண்டு அலகு மின்சாரம்தான் போகும், பில்லைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘செடி தளதளவென்று வளர்கிறது, ஆனால் ஒரு மொட்டும் இல்லை’ என்று சிலர் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, இரவில் அந்த இடத்தில் என்ன வெளிச்சம் விழுகிறது என்பதுதான். பக்கத்து மாடியின் பாதுகாப்பு விளக்கு, படிக்கட்டு லைற், காலி வீதி மின்கம்பம், இவற்றில் ஏதாவது ஒன்று விடிய விடிய செடிமேல் விழுந்துகொண்டிருக்கும். மொட்டு வேண்டும் என்று முடிவு செய்த நாளிலிருந்து செடி இரவு முழுக்க இருட்டில் இருக்க வேண்டும். பல்கனியில் அப்படி இருட்டு இல்லையென்றால் மாலை ஆறு மணிக்கு வெளிச்சம் வராத ஒரு மூலைக்குத் தூக்கி வைத்து, காலையில் மறுபடி வெளியே வையுங்கள். மொட்டு நன்றாக நிறம் காட்டும் வரைக்கும் இதை விடக்கூடாது.

காலக் கணக்குக்கு வருகிறேன். விளக்கை நிறுத்தியதிலிருந்து பூ விரிய வகையைப் பொறுத்து ஏழு முதல் பத்துக் கிழமை ஆகும். இங்கே வெக்கையால் பிந்துவதே வழமை, அதனால் பத்து என்றே போடுங்கள். கொழும்பில் செவ்வந்திக்குத் தோதான காலம் தைப்பொங்கலை ஒட்டிய ஜனவரி, பெப்ரவரி. மழை குறைவு, வருடத்தில் இரவு ஓரளவு குளிர்வதும் அப்போதுதான். ஒக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் தலா 300 மி.மீ.க்கு மேல் கொட்டும். அந்த நேரம் பூவை விரியவிட்டால் இதழுக்குள் தண்ணீர் நின்று அழுகிப் பழுப்பாகும். தீபாவளிக்குச் செவ்வந்தி வேண்டுமென்றால் கடையில் வாங்குங்கள், பொங்கலுக்கு வீட்டில் பூக்க வையுங்கள். ஓகஸ்ட் கடைசியில் துண்டம் வையுங்கள். செப்டெம்பர் நடுவில் சாடிக்கு மாற்றி, மாதக் கடைசியில் நுனி கிள்ளுங்கள். இவ்வளவு காலமும் இரவு விளக்கு இருக்க வேண்டும். நவம்பர் முதல் கிழமையில், செடி ஒரு சாண் உயரத்துக்கு வந்து ஏழெட்டுக் கிளையோடு நிற்கும்போது விளக்கை நிறுத்துங்கள். பொங்கலன்று சரியாக விரியும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். டிசெம்பர் இரவுகள் எப்படி என்பதைப் பொறுத்து ஒரு கிழமை முன்னே பின்னே போகும்.

வெக்கைதான் விளக்காலும் தீராத பிரச்சினை. செவ்வந்தி மொட்டுக்கு மிகவும் பிடித்தது பதினாறு முதல் இருபது பாகை வரையான இரவு. நுவரெலியாவில் வருடச் சராசரியே பதினாறு பாகை. வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் பூ அவ்வளவு திடமாக வருவதற்கு வேறு இரகசியம் இல்லை. கொழும்பில் ஏப்ரல், மே மாத இரவு 25 பாகையை ஒட்டியே நிற்கும். அந்த மாதங்களில் மொட்டு கட்டிய இடத்திலேயே கிழமைக்கணக்கில் நின்றுவிடும், விரிந்தாலும் பூ சிறுத்திருக்கும். நிறமும் வெளிறும். ஊதா, இளஞ்சிவப்பு, செம்பு நிறங்களைத் தரும் சாயம் வெப்பத்தில் சரியாக உருவாகாது. மஞ்சளின் சாயம் வேறு வகை, அது வெயிலுக்கு அவ்வளவு அசையாது. வெள்ளையில் வெளிறச் சாயமே இல்லை. அதனால் முதல் முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது மஞ்சள் அல்லது வெள்ளை, அதிலும் சின்னப்பூ வகை. தமிழ்நாட்டில் தருமபுரி, சேலம், திண்டுக்கல் போன்ற சமவெளி மாவட்டங்களில் மாலைக்காகப் பயிரிடுவதும் பெரும்பாலும் மஞ்சள் சின்னப்பூதான். ஒரு கைக்குள் அடங்காத பெரிய ஊதாப் பூவைக் கொழும்பில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இப்போது உங்கள் கையிலுள்ள சாடி. எறிய வேண்டாம். குச்சிகளை மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில், ஒவ்வொன்றிலும் சில பச்சை இலை மிஞ்சும்படி வெட்டிவிடுங்கள். மொட்டு போகிறதே என்று பார்க்காதீர்கள், அது பூத்தாலும் சட்டைப் பொத்தான் அளவுதான். அன்றிரவே விளக்கைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று கிழமையில் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அவைதான் இனி உங்கள் செடி, பழைய தண்டு அல்ல. சில வகைகள் மட்டும் பூத்து முடிந்தபின் மண்ணோடு ஒட்டிய இலைக்கொத்தாக உட்கார்ந்துகொண்டு மேலே எழும்பாது. குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் நீளும் என்ற குணம் அவற்றுக்கு. அதற்குக் கொழும்பில் மருந்தில்லை. இரண்டு மாதம் விளக்குக்கும் எழும்பாவிட்டால் அந்தச் சாடியை விட்டுவிடலாம். உங்களுடையது எந்த இனம் என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, தவறணைச் சாடிகளில் இனப்பெயர் எழுதியிருப்பதும் அரிது. வளர்த்துப் பார்த்துத்தான் தெரியும்.

கிளம்பிய பக்கக் கன்றின் நுனியில் ஆறேழு சென்ரிமீற்றர் துண்டத்தை உடைத்தெடுங்கள். கீழ் இலைகளைக் கழற்றிவிட்டு, கழுவிய ஆற்றுமணலும் தும்புத்தூளும் சரிபாதி கலந்ததில் ஊன்றி, நிழலில் வையுங்கள். வேர் ஊக்கி மருந்து இல்லாமலே இரண்டு கிழமையில் வேர் பிடிக்கும். விளக்கு இங்கேயும் அவசியம், வெறுமனே வெளியே நின்ற செடியில் துண்டம் எடுத்தால் அது மொட்டோடுதான் வரும். பக்கத்து வீட்டார் தந்த துண்டம் வேர்விட்டதும் பூத்து நின்றுவிடுவது இதனால்தான்.

சாடி மண்ணில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. இந்தச் செடி தண்ணீர் கேட்கும், ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் இரண்டே நாளில் அழுகும். மண், நன்றாக உக்கிய கூட்டெரு, தும்புத்தூள் மூன்றும் சம அளவு. தும்புத்தூளை இரண்டு முறை தண்ணீரில் அலசிவிடுங்கள், அதில் உப்பு இருந்தால் இலை ஓரம் கருகும். கபுக் மண் புளிப்பானது, அதைக் கலந்தால் சாடிக்கு ஒரு தேக்கரண்டி டொலமைட் (மக்னீசியம் உள்ள சுண்ணாம்புத் தூள்) சேர்க்கலாம். ஒரு முழச் சுற்றளவுள்ள சாடிக்கு ஒரு செடி, கொஞ்சம் பெரியதற்கு மூன்று. காலையில் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, மேலே காய்ந்திருந்தால் அடியில் ஓடி வரும்வரை ஊற்றுங்கள். இலையில் ஊற்றாதீர்கள், மாலையில் ஊற்றாதீர்கள். சாடிக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். வேருக்கும் கூடாது, அந்தத் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும், சுகாதாரப் பரிசோதகர் கண்டால் வழக்கும் வரும். கிழக்குப் பார்த்த பல்கனியின் காலை வெயில் ஐந்து மணி நேரம் கிடைத்தால் போதுமானது. நிலத்தில் நடுவதென்றால் ஒரு சாண் உயரத்துக்குப் பாத்தி எழுப்பாமல் நடவேண்டாம், ஒரு மழைக்குத் தாங்காது.

நுனி கிள்ளுவது இலகுவான வேலை. சாடிக்கு மாறிய இரண்டு கிழமையில், ஐந்தாறு இலை விட்டு நுனிக் குருத்தை மட்டும் நகத்தால் எடுத்துவிட்டால் பக்கக் கிளை வரும், கிளைகள் நீண்டதும் இன்னொரு முறை. விளக்கை நிறுத்துவதற்கு இரண்டு கிழமை முன்னோடு கிள்ளுவதை விட்டுவிட வேண்டும். பசளை, வளரும் காலத்தில் கிழமைக்கு ஒரு முறை கரைத்து ஊற்றுங்கள். கடைகளில் கிடைக்கும் அல்பர்ட் கலவை போதும், பைக்கற்றில் சொன்ன அளவில் பாதியோடு தொடங்குங்கள். மொட்டு வந்ததும் யூரியாவைத் தொடாதீர்கள், நிறம் தெரிந்ததும் எல்லாப் பசளையையும் நிறுத்துங்கள். எப்பாவல பொஸ்பேற்று தேயிலைக்கும் தென்னைக்கும் சரி, மெதுவாகக் கரைவதால் நாலு மாதச் செடிக்கு எட்டாது.

நோயும் பூச்சியும் அதிகம் இல்லை. நுனியில் கறுப்பாக அசுவுணி மொய்த்தால் விரலால் நசுக்கி, சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் போய்விடும். இலையில் வெள்ளைக் கோலம் போட்டமாதிரி வளைந்த கோடு தெரிந்தால் சுரங்கப்புழு, அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் போதும். பெப்ரவரி வெயிலில் இலை மங்கி அடியில் நுண்ணிய வலை தெரிந்தால் செஞ்சிற்றுண்ணி, இலையடியைத் தண்ணீரால் கழுவுங்கள். மழைக்காலத்தில் அடியிலிருந்து மேலாகக் கரும்புள்ளி ஏறினால் பங்கசு. அந்த இலைகளை எடுத்து, சாடிகளுக்கு இடையில் காற்றுப் போக இடம் விட்டு, மழைத்துளி படாத இடத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். குளிர் பிரதேசப் பண்ணைக்காரரைத் தூங்கவிடாத வெண்துரு நோய் குளிர்ந்த ஈரத்தில்தான் பெருகும், கொழும்பு வெக்கை அந்த ஒன்றில் உங்களுக்கு உதவி.

அடுத்தது, உறுதியில்லாமல் உலவும் சில விஷயங்கள். வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீர் பூவைப் பெருப்பிக்கும் என்பார்கள். அதில் இறங்கும் பொட்டாசியம் சொற்பம், கெடுதலும் இல்லை, ஈ வரும். எப்சம் உப்பு மக்னீசியக் குறை இருந்தால் உதவும், டொலமைட் போட்ட மண்ணில் அந்தக் குறை அநேகமாக வராது. நல்ல நாள், பிறை பார்த்து நடுவது உங்கள் விருப்பம், பல்கனி லைற்றோடு ஒப்பிட்டால் அதன் செல்வாக்கை நான் பொருட்படுத்த மாட்டேன். இரவில் சாடிக்குள் ஐஸ்கட்டி வைத்துக் குளிர்விக்கலாம் என்று ஒருவர் உங்களுக்குச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மொட்டு கட்டுவது நுனியில், ஐஸ் இருப்பது வேரில், விட்டுவிடுங்கள்.

நுளம்புக் கதை எங்கிருந்து வந்தது என்பது தெளிவு. பைரீத்திரம் என்ற பூச்சிகொல்லி, செவ்வந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வெள்ளைப் பூவிலிருந்து எடுக்கப்படுகிறது. கென்யாவில் அதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். அந்தப் பூவைக்கூடக் காயவைத்து அரைத்தால்தான் பயன், உயிரோடு சாடியில் நின்று நுளம்பை விரட்டாது. நம் தோட்டத்துச் செவ்வந்திக்கு அந்த வேலையே இல்லை. இன்னொன்று, வீட்டில் பூனை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், இலையைத் தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். சிலருக்கு அடிக்கடி கையாண்டால் தோல் கடிக்கும், அப்படியென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தங்கச்சியின் பெட்டி. துண்டம் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரமும் அந்நாட்டுத் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் செடியையோ துண்டத்தையோ நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. வெண்துருவும் செடியைக் குட்டையாக்கும் வைரோயிட் என்ற நுண்ணிய நோய்க்காரணியும் நல்லதுபோலத் தெரியும் துண்டத்துக்குள் இருந்து பயணம் செய்யும். மலைநாட்டில் செவ்வந்தியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. சட்டத்தை விட்டாலும், அவர் வாசலில் நிற்கும் வகைகள் குளிருக்கென்று தேர்ந்தெடுத்தவை, இங்கே எழும்பாமல் உட்காரப்போவதும் அவைதான். அடுத்த முறை பத்தரமுல்லையில் செடி விற்கும் தியத்த உயனப் பக்கம் போனால், முழுக்க விரிந்த சாடியை விட்டுவிட்டு, பாதி மொட்டு நிறம் காட்டும் மஞ்சள் சின்னப்பூச் சாடியாகப் பாருங்கள். அடியிலையைத் தூக்கி மண்ணைப் பார்த்து, ஏற்கெனவே பக்கக் கன்று கிளம்பியிருக்கிறதா என்று கவனித்து வாங்குங்கள். கன்று தெரிந்தால் அந்த இனம் இங்கே மறுபடி எழும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது.